இறக்கை நுனியில் நின்றவள்

உறுதியாகத் தெரியாத ஒன்றுக்காக எல்லோரையும் நிறுத்திவைக்க ஒருவருக்கு உரிமை உண்டா? தெரிந்தால் சொல், தெரியாவிட்டால் சும்மா இரு என்றுதான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். படித்த புத்தகங்களும் பெரும்பாலும் அதையே கொஞ்சம் நீட்டிச் சொல்கின்றன: அறிவு வேறு, எண்ணம் வேறு, எண்ணத்தை அறிவென்று விற்காதே. நானும் அதை நியாயம் என்றே நினைத்திருந்தேன். ஒரு பெண் அந்தக் கேள்வியை என் முன்னால் வைத்துவிட்டு, பதில் சொல்லாமல் பஸ் ஓட்டப் போய்விட்டாள்.

இப்போது அவளுக்கு நாற்பதை ஒட்டிய வயது. ரயில் நிலையத்திலிருந்து பெரிய மருத்துவமனை வரை போகும் தடத்தில் ஓட்டுகிறாள். பெல் அடித்தால் நிறுத்துவாள். அடித்தவர் இறங்காமல் அசடு வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாலும் முகம் சுளிக்காமல் கதவைத் திறப்பாள், கண்ணாடியில் ஒரு கணம் பார்ப்பாள், மூடுவாள், பிறகுதான் கிளம்புவாள். பின்சீட்டிலிருந்து யாராவது "சும்மா அடிச்சிருக்காங்கம்மா, எடுங்க" என்பார்கள். அந்த ஒரு கணத்தை அவள் குறைத்து நான் பார்த்ததில்லை.

இளம் வயதில் அவளை அறிந்தவர்கள் இன்னமும் பழைய பட்டப்பெயரில்தான் கூப்பிடுகிறோம்: பஸ் ஸ்டாப். பஸ் ஓட்ட வருவதற்கு வெகு காலம் முன்பே வந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது. எங்கள் ஊர் இளைஞர் விமான ஸ்குவாட்ரனில் கிடைத்தது.

ஸ்குவாட்ரன் என்றதும் போர் விமானங்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். டயர் கிடங்கு ஒன்றின் பின்னால் ஒரு நீண்ட கூடம். வாரத்தில் இரண்டு மாலை பள்ளி வயதுப் பிள்ளைகள் நீலச் சீருடையில் வருவார்கள்; கேடட்கள் என்று அவர்களுக்குப் பெயர். அணிவகுப்பு, வரைபடம் படிப்பது, வானிலைப் பாடம். கூடத்தில் எப்போதும் ரப்பர் வாசனையும் பூட்ஸ் பாலிஷ் வாசனையும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும். ஊருக்கு வெளியே ஒரு புல்வெளியில் எங்களுக்கு ஒரு கிளைடர் உண்டு. எஞ்சின் இல்லாத விமானம். மறுகோடியில் நிற்கும் வின்ச் எந்திரம் நீண்ட கேபிளைச் சுருட்டி இழுக்க, பட்டம் போல மேலே ஏறி, கேபிளை உதறிவிட்டுக் காற்றில் மிதந்து இறங்கும். பெரியவர்கள் நாங்கள் எல்லாருமே பகுதிநேரத் தொண்டர்கள். தலைவர் ஒரு பல் டாக்டர். நாள் முழுக்க ஊராரை வாயைத் திறக்கச் சொல்லும் மனிதர், பரேட்டில் "வாயை மூடு" என்று சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். கிளைடரைக் கவனிக்க ஒரு மெக்கானிக் இருந்தார். பிள்ளைகளுக்கு அவர் 'மெக்கானிக் அண்ணன்'. நான் சீருடைக் கிடங்கைப் பார்த்துக்கொண்டேன்.

அவளை முதலில் பார்த்தது அந்தக் கிடங்கின் கவுண்டரில்தான். பதின்மூன்று வயது. கவுண்டருக்கு மேல் கண் மட்டும் தெரிந்தது.

"சார், பூட்ஸ் பெருசா இருக்கு."

"வளருவே."

"அதுவரைக்கும்?"

"ரெண்டு சாக்ஸ் போடு."

"மூணு போட்டிருக்கேன் சார்."

அவளுக்குப் பொருந்தும் அளவு எங்களிடம் இல்லை. அந்த பூட்ஸிலேயே ஒரு வருடம் நடந்தாள். நடை தப்பவில்லை. காலைத் தூக்கும்போது பூட்ஸ் கழன்றுவிடாமலிருக்க விரல்களை உள்ளே மடக்கிப் பிடித்துக்கொள்வாளாம். அவளுடைய அக்கா பிறகு சொல்லித்தான் தெரியும்.

வீடு மூன்றாம் மாடியில், இரண்டு அறை. அப்பா பஸ் டிரைவர். அம்மா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனைக்கு உதவியாளர். அக்கா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். பால்கனிக் கொடியில் அப்பாவின் சீருடையும் இவள் சீருடையும் பக்கத்துப் பக்கத்தில் காயும். யார் மடிப்பு கூர்மை என்று இரண்டு பேருக்கும் போட்டி, நடுவர் அம்மா, தீர்ப்பு எப்போதும் ஒத்திவைக்கப்படும். இவளுக்கு ஒரே ஓர் ஆசை. எஞ்சின் வைத்த விமானத்தை ஓட்ட வேண்டும். என்னிடமிருந்து ஒரு பழைய விமானக் கையேட்டை இரவல் வாங்கிப் போயிருந்தாள். கிளம்புமுன் விமானி சரிபார்க்க வேண்டியவற்றை எல்லாம் வரிசையாக முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவுவாள்.

"எரிபொருள் ஆன். கலவை முழுசு. பிளாப்..."

"அடியே, அந்தக் குக்கர் மூடிய முதல்ல தேய். அப்புறம் பறக்கலாம்" என்பாள் அக்கா.

அந்த ஆசைக்கு எங்கள் ஊரில் இருந்த வழி ஒன்றே ஒன்று. கூடத்துச் சுவரில் ஒரு மரத்தகடு மாட்டியிருந்தது. பழைய விமானமொன்றின் முன்விசிறியிலிருந்து கழற்றிய ஒற்றை இதழ். ஆண்டுதோறும் தலைமை கேடட் ஆகத் தேர்வாகிறவரின் பெயரைப் பித்தளையில் பொறித்து அதில் ஆணியடிப்பார்கள். அதுதான் எங்கள் உச்ச விருது. அதோடு கூடவே வரும் இன்னொன்று: விமானப் பயிற்சிப் பள்ளியில் ஓர் இடம், முழுப் பயிற்சியும் இலவசம். ஸ்குவாட்ரனுக்கு ஆண்டுக்கு ஓர் இடம்தான். வயது வரம்பு உண்டு. அவளுக்கு அது கடைசி ஆண்டு.

இன்னொருவனுக்கும் அதுவே கடைசி ஆண்டு. அவனை மைக்கு என்று கூப்பிட்டோம். அப்படி ஒரு குரல். கூடத்தின் ஒரு மூலையில் நின்று அவன் ஆணை கொடுத்தால் டயர் கிடங்கில் வேலை செய்கிறவர்கள் நிமிர்ந்து நிற்பார்கள். நல்ல பையன், கெட்டிக்காரன், தான் நல்லவன் என்பதும் கெட்டிக்காரன் என்பதும் தெரிந்தவன். அவர்கள் இரண்டு பேரில் ஒருவர்தான் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவள் பக்கம்தான் தராசு கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அந்த ஆண்டு தற்காலிகத் தலைமையை டாக்டர் அவளிடம்தான் கொடுத்திருந்தார்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

மைக்கு முதல் தடவையாகக் கிளைடரில் தனியாகப் பறக்க வேண்டிய நாள். அதைப் பார்ப்பதற்கென்றே மண்டல அதிகாரி வந்திருந்தார். அந்த ஒரு பறத்தல் ஒழுங்காக நடந்தால் சிறந்த ஸ்குவாட்ரன் கேடயம் எங்களுக்கு என்று டாக்டர் காலையிலிருந்து நம்பிக்கையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கிளைடர் தரையில் நிற்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் இருக்கும். கேபிளை மாட்டியதும் ஒரு கேடட் இறக்கை நுனியைத் தூக்கிச் சமமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வின்ச் இழுக்கத் தொடங்கியதும் கூடவே சில அடி ஓடி, விட்டுவிட வேண்டும். இது புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கொடுக்கும் வேலை. தலைமைக்குப் போட்டியிடுகிறவர்கள் அதிகாரி பக்கத்தில் கொடிக்கம்பத்தடியில், பூட்ஸில் மண் ஒட்டாமல் நிற்பார்கள். அவள் இறக்கையைத்தான் கேட்டு வாங்குவாள். எல்லா ஞாயிறும் அப்படித்தான்.

அந்த மைதானத்துக்கு ஒரு விதி உண்டு. ஏதோ சரியில்லை என்று தோன்றினால் அங்கே நிற்கும் யார் வேண்டுமானாலும் 'ஸ்டாப்' என்று கத்தலாம். அதிகாரியும் கத்தலாம், நேற்று சேர்ந்த பிள்ளையும் கத்தலாம். கத்தினால் அத்தனையும் நிற்க வேண்டும். முதலில் விமானத்தைப் பார்க்க வேண்டும். ஏன் கத்தினாய் என்ற கேள்வி அதற்கப்புறம்தான். கத்தியவரைத் திட்டக் கூடாது.

மைக்கு உள்ளே உட்கார்ந்து கட்டைவிரலைத் தூக்கினான். அவள் இறக்கையைத் தூக்கினாள். தொய்ந்து கிடந்த கேபிள் புல்லில் மெல்ல நிமிர்ந்தது. கிளைடர் ஒரு சின்னக் குலுக்கலோடு நகரத் தொடங்கிய அதே நொடியில் அவள் குரல் கேட்டது.

"ஸ்டாப்."

வின்ச் நின்றது. கேபிள் துவண்டது. மெக்கானிக் அண்ணன் ஓடிவந்தார். இறக்கை, வால், கேபிள் கொக்கி, உள்ளே மிதிகட்டைகள், பூட்டுகள் என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், தரையில் மல்லாந்து படுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. மறுபடி முதலிலிருந்து பார்த்தார். அப்போதும் சரியாக இருந்தது. அதற்குள் மேற்கே மேகம் தாழ்ந்துவிட்டது. அதிகாரி வானத்தைப் பார்த்தார், டாக்டரின் கையைக் குலுக்கினார், காரில் ஏறினார். கேடயமும் அந்தக் காரிலேயே போய்விட்டது என்று சொல்லலாம்.

மைக்கு இறங்கி நேராக அவளிடம் வந்தான்.

"என்ன பாத்தே?"

"எதுவும் பாக்கல."

"பாக்காம எதுக்குக் கத்தினே?"

"அந்த மாதிரிக் கேக்கக் கூடாதுப்பா. விதி" என்றார் மெக்கானிக்.

"விதி இல்லண்ணே, என் தலைவிதி. எங்க மாமா, அத்தை எல்லாரும் வேலி ஓரமா நிக்கிறாங்க. மிக்சர் வாங்கிட்டு வந்திருக்காங்க, நான் பறக்கிறதப் பாக்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். திரும்பும் வேனில் பின்னாலிருந்து ஒரு குரல்: "அவங்கப்பா பஸ் ஓட்டுறாரு. பொண்ணு ஸ்டாப் போடுது." வேன் குலுங்கியது. பெயர் அங்கேதான் பிறந்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வலது உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அன்று வீட்டில் நடந்ததை அக்கா பின்னொரு நாள் சொன்னாள்.

"ஏண்டி, அவன் மேல ஏதாவது கோபமா?"

"இல்ல."

"அப்ப வேற ஏதாவது இதுவா?"

"அக்கா."

"சரி, கேக்கல. ஆனா அந்தப் பயிற்சி போச்சுன்னா உன் முணுமுணுப்ப நான்தானே ஆயுசுக்கும் கேக்கணும். அதுக்குத்தான் கேட்டேன்."

அப்பா பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னாராம், "பெல் அடிச்சா நான் நிறுத்துவேன். ஏன் அடிச்சேன்னு ஒவ்வொருத்தரையா எழுப்பிக் கேட்டுக்கிட்டிருந்தா பஸ் வீடு வந்து சேராது."

அம்மா வேறொன்று சொன்னாள். "கடைக்கு வர்றவங்ககிட்ட இது தெளிவா, அது தெளிவான்னு மாத்தி மாத்திக் கேப்பேன். பாதிப் பேரு 'என்னமோ சரியில்ல'ன்னுதான் சொல்வாங்க. சொல்லத் தெரியலேங்கிறதுக்காக அனுப்பிவிட முடியுமா? ஆனா ஒண்ணு. சில பேருக்குக் கண்ணுல எதுவுமே இருக்காது. அதையும் சொல்லணும்ல."

அவள் எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள். அன்று முணுமுணுப்பு இல்லை என்பதுதான் அக்காவை உறுத்தியது.

அடுத்த பரேட் மாலைகளில் அந்தப் பெயர் கூடமெங்கும் திரிந்தது. அவள் உள்ளே வந்தால் யாராவது மெதுவாக பிரேக் பிடிக்கிற சத்தம் எழுப்புவார்கள். தண்ணீர்க் குழாயடியில் அவள் நின்றால் பின்னால் வரிசை கட்டி, "இந்த ஸ்டாப்ல எந்த நம்பர் வண்டி நிக்கும்?" என்பார்கள். அவள் தானும் சிரித்துவைப்பாள். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கேலி தானாக ஓயும் என்று பெரியவர்கள் எல்லாரும் நினைத்தோம்.

ஒரு மாலை அவள் மொத்த அணியையும் நடத்திக்கொண்டிருந்தாள். கூடம் முழுக்க பூட்ஸ் ஒரே தாளத்தில் விழுந்துகொண்டிருந்தது. அணிவகுப்பில் நிற்கச் சொல்லும் ஆணை 'ஹால்ட்'. அதைக் குறிப்பிட்ட கால் தரையில் படும்போதுதான் கொடுக்க வேண்டும். அப்போதுதான் எல்லாரும் ஒன்றாக நிற்க முடியும். 'ஸ்டாப்' என்பதற்கு அப்படிக் கால் கிடையாது. அது அணிவகுப்பு ஆணையே இல்லை.

நடுவரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஸ்டாப்."

பாதிப் பேர் நின்றார்கள். பாதிப் பேர் நடந்தார்கள். பின்வரிசை முன்வரிசை மேல் மோத, தொப்பிகள் விழ, ஒருவன் இன்னொருவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க, கூடமே சிரிப்பில் மூழ்கியது. அது யார் குரல் என்று சந்தேகப்பட இடமில்லை. அப்படி ஒரு குரல் எங்களிடம் ஒன்றுதான் இருந்தது.

அவனைப் பெயர் சொல்லி வெளியே அழைப்பாள் என்று காத்திருந்தேன். அழுதுவிடுவாளோ என்றும் தோன்றியது. அவள் செய்தது வேறு.

"யாரும் அசையாதீங்க" என்றாள், சாதாரணக் குரலில். "ஸ்டாப் சொல்லியாச்சு. பாத்துட்டு அப்புறம் போகலாம்."

சிரிப்பு இன்னும் பலமாக எழுந்தது. அவள் கூடத்தின் ஒரு மூலையிலிருந்து தொடங்கினாள். தரைப் பலகைகளைக் காலால் அழுத்திப் பார்த்தாள். ஜன்னல் கொக்கிகளை இழுத்துப் பார்த்தாள். மேலே ஏணி வைத்து விளக்குகளின் சங்கிலிகளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வரிசைக்குள் நுழைந்து ஒவ்வொருவரின் லேஸ், பெல்ட், பொத்தான். யாரையும் முறைக்கவில்லை. நிதானமாக, மெக்கானிக் அன்று கிளைடரைப் பார்த்த அதே ஒழுங்கில் பார்த்துக்கொண்டு போனாள். சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை. நின்றுவிட்டது. அதற்கப்புறம் கூடத்தில் அவளுடைய பூட்ஸ் சத்தம் மட்டும்தான் கேட்டது. மைக்கின் முன்னால் வந்து நின்றாள். அவன் காதுவரை சிவந்திருந்தான். அவன் லேஸைப் பார்த்தாள். சரியாக இருந்தது. அடுத்தவனிடம் போனாள்.

பரேட் நேரம் அதிலேயே முடிந்துவிட்டது. முன்னால் வந்து நின்று, "பாத்தாச்சு. ஒண்ணும் இல்ல. சொன்னவங்களுக்கு நன்றி" என்றாள். அதில் கிண்டல் இருக்கிறதா என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். இல்லை.

அடுத்த வாரம் வேறொரு வாண்டு துணிந்து கத்திப் பார்த்தது. மறுபடியும் ஏணி, விளக்கு, லேஸ், நன்றி. அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் அந்தச் சொல்லை யாரும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதுவரை அது மைதானத்து விதிப்பலகையில் எழுதியிருந்த சொல்தான். விதி இருந்தும் பிள்ளைகள் அதைச் சொல்லப் பயந்தார்கள் என்பதை நான் பிறகுதான் கவனித்தேன். ஏனென்றால் அதற்கடுத்த ஞாயிறுகளில் சொல்லத் தொடங்கினார்கள். ஒரு சிறுமி புல்லில் கிடந்த தொப்பிக்காகக் கத்தினாள். ஒருவன் பறவைக் கூட்டத்துக்காகக் கத்தினான். மெக்கானிக் அண்ணன் ஒவ்வொரு தடவையும் பெருமூச்சு விட்டுக்கொண்டே போய்ப் பார்த்தார். "இப்படியே போனா விமானம் தரையிலேயே கிழடாகிடும்" என்றார். ஆனால் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. ஒரு சொல்லை அதன் முழு எடைக்கும் எடுத்துக்கொள்வதால் மட்டுமே அதற்கு எடை திரும்ப வந்துசேரும் என்பதை அதுவரை நான் எங்கும் கண்ணால் பார்த்ததில்லை. படித்ததுண்டு.

ஆனாலும் விருதுக்கான பெயர்களை முடிவுசெய்ய வேண்டிய நாள் வந்தபோது டாக்டர் தயங்கினார். காரணமில்லாமல் கேடயத்தைத் தொலைத்தவள் என்ற முணுமுணுப்பு பெற்றோர்களிடமும் இருந்தது. டாக்டர், மெக்கானிக், நான் மூவரும் என் கிடங்கில் உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டோம். கிடங்குக்கும் நடைவழிக்கும் நடுவே மெல்லிய பலகைத் தடுப்புதான். அடுத்து வர வேண்டிய மைக்கு அந்தப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கூட நாலைந்து பேர்.

"உட்காரும்மா" என்றார் டாக்டர். பல் பிடுங்குவதற்கு முன்னால் வரும் அந்த மென்மையான குரல். "அன்னிக்கு ஏதாவது பாத்திருப்பே. இறக்கை மேல ஏர்பிரேக் மடல் சரியா மூடல, அப்படி ஏதாவது. வெயில் சாய்வா இருந்தது. பாத்த மாதிரி இருந்ததுன்னாகூடப் போதும். நான் அதிகாரிக்கு எடுத்துச் சொல்லிப்பேன்."

கதவை இவ்வளவு அகலமாகத் திறந்துவைத்து நான் பார்த்ததில்லை. ஒரு தலையசைப்பு போதும். பித்தளைத் தகடு, பயிற்சி இடம், எரிபொருள் ஆன், கலவை முழுசு. எல்லாம் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தன.

"மூடித்தான் இருந்தது சார். நானே பாத்தேன்."

"அப்ப என்னதான் ஆச்சு?"

"இறக்கை சமமா இருந்தா கையில கனக்காது சார். ரெண்டு விரல் போதும். அன்னிக்குக் கனத்தது."

"காத்தா இருந்திருக்கலாம்" என்றார் மெக்கானிக்.

"காத்தாத்தான் இருக்கும்ணே. நீங்க பாத்ததுல ஒண்ணும் இல்லியே. எனக்குத் தோணினது தப்பு."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "தப்புன்னு நீயே ஒத்துக்கிறே. சரி. நாளைக்கே மறுபடி அதே மாதிரி கனத்தா?"

"கத்துவேன் சார்."

"தப்புன்னு தெரிஞ்சுமா?"

"அது தப்புன்னு அப்புறம்தானே சார் தெரியும்?"

பலகைக்கு அந்தப் பக்கம் பெஞ்ச் கிறீச்சிட்டது. ஒருவர் தான் தவறியதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன், தன் நிலையிலிருந்து அசையாமல் நிற்பதையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் ஒரே மூச்சில், குரல் உயராமல் செய்த ஒருவரை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பாராட்டுச் சொற்களை நான் சுலபமாக எடுப்பவன் அல்ல. அன்று தேடியும் எதுவும் பொருந்தவில்லை. அவளுடைய முதல் பூட்ஸ் மாதிரி எல்லாம் பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தன.

"ரெண்டு பேரையும் நிறுத்துங்க டாக்டர்" என்றார் மெக்கானிக். "பிள்ளைங்க முடிவு பண்ணட்டும்."

பிள்ளைகள் முடிவுசெய்யும் முறை எங்கள் ஸ்குவாட்ரனுக்கே உரியது. எப்போது யார் தொடங்கியது என்று தெரியாது. சீட்டு, கையெழுத்து ஒன்றும் கிடையாது. போட்டியில் இருக்கும் இருவரும் கூடத்தின் எதிரெதிர்ச் சுவர்களைப் பார்த்து, முகம் சுவருக்கு ஓரடி தள்ளி நிற்க வேண்டும். மற்ற கேடட்கள் ஒவ்வொருவராக நடந்துபோய், தாங்கள் யார் பின்னால் நடக்கத் தயாரோ அவர் பின்னால் வரிசையில் நிற்பார்கள். பேசக் கூடாது. எந்த வரிசை நீளமோ அவர் தலைமை கேடட். சுவரைப் பார்த்து நிற்பவர்களுக்கு யார் வந்தார்கள் என்று தெரியாது. பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்கும்.

அந்த மாலை அவள் சீருடையின் மடிப்பு கத்தி மாதிரி இருந்தது. அப்பா தேய்த்துக் கொடுத்தாராம். அம்மா ஒருவழியாகத் தீர்ப்பையும் சொல்லிவிட்டாளாம். பெற்றோருக்கு அனுமதி உண்டு என்பதால் மூவரும் வாசல் பக்கம் நின்றார்கள். அக்கா கையில் கேமரா.

மைக்கு வலது சுவரில். அவள் இடது சுவரில், அந்த மரத்தகட்டுக்கு நேர் கீழே. டாக்டர் "தொடங்கலாம்" என்றார்.

முதலில் ஒருவன் மைக்கின் பின்னால் போனான். அடுத்தவன் அவள் பின்னால். அதற்கடுத்தவளும் அவள் பின்னால். பிறகு சிறிது நேரம் சமமாகப் போயிற்று. பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட நாலைந்து பேரில் ஒருவர்கூட வலப்பக்கம் போகவில்லை. வேனில் அந்தப் பெயரை முதலில் சொன்னவன் கூடத்தின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தான், தொப்பியைச் சரிசெய்தான், இடப்பக்கம் நடந்தான். அதற்கப்புறம் கணக்குப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. அவள் பின்னால் நின்ற வரிசை கதவை எட்டி, வளைந்து திரும்ப வேண்டியிருந்தது. அக்கா கேமராவை முகத்தருகே தூக்கினாள். அப்பா தொண்டையைச் செருமினார்.

வருடக்கணக்கில் அணி நடத்திய காது அவளுடையது. பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அந்தக் காதுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

கடைசிக் கேடட் வரிசையில் சேர்ந்து குதிகாலைச் சேர்த்தான். டாக்டர் வாயைத் திறக்கப் போனார்.

அவள் திரும்பினாள். பாடத்தில் இருக்கிறபடி, வலப்பக்கமாக, குதிகால் சுழல, கால் இறங்கும் சத்தம் கூடத்தில் ஒற்றையாகக் கேட்க. தன் பின்னால் நின்ற நீண்ட வரிசையின் ஓரமாக நடந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. கூடத்தின் நடுவைக் கடந்தாள். வாசலில் நின்ற அப்பாவைக் கடந்தாள். மைக்கின் பின்னால் நின்ற சின்ன வரிசையின் கடைசிக்குப் போய், முன்னால் நிற்பவனின் தோளுக்கு நேராகத் தன் தோளைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து நின்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மெக்கானிக்கைப் பார்த்தேன். யார் வேண்டுமானாலும் யார் பின்னால் வேண்டுமானாலும் நிற்கலாம் என்பதுதான் வழக்கம். போட்டியில் இருப்பவர் நிற்கக் கூடாது என்று யாரும் ஒருபோதும் சொல்லிவைக்கவில்லை. அதற்குத் தேவை வந்ததில்லை. எதிரே, அந்த நீண்ட வரிசை கலையவில்லை. வெறும் சுவருக்கு முன்னால், மரத்தகட்டுக்குக் கீழே, யாருமில்லாத ஓர் இடத்தின் பின்னால் அவர்கள் அப்படியே நின்றார்கள். அக்கா கேமராவை இறக்கியிருந்தாள். அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

ஆளில்லாத இடத்துக்குத் தலைமை கொடுக்க முடியாது; அந்த ஆண்டின் பித்தளையில் மைக்கின் பெயர்தான் இருக்கிறது. இன்று அவன் பெரிய விமானங்களை ஓட்டுகிறான். ஊருக்கு வரும்போது டாக்ஸி பிடிக்காமல் ரயில் நிலையத்தில் அவள் பஸ்ஸுக்காகக் காத்திருந்து, முன்சீட்டில் உட்கார்ந்து மருத்துவமனை வரை போய்த் திரும்பி வருகிறான். காரணத்தை அவன் கேட்டிருக்கிறான், டாக்டர் கேட்டிருக்கிறார், ஒரு தடவை நானும் கேட்டேன். "டிக்கெட் எடுத்துட்டீங்களா சார்?" என்றாள்.

முதலில் கேட்டவன் அவன்தான். அன்றே, அங்கேயே. டாக்டர் வேறு வழி தெரியாமல் "திரும்பு" என்றார். கடைசியாக வந்து சேர்ந்த அந்த ஒற்றை ஜோடி பூட்ஸ் யாருடையது என்று அவனுக்குத் தெரியாது. திரும்பினான். தன் சின்ன வரிசையைப் பார்த்தான், எதிர்ச்சுவரைப் பார்த்தான், பிறகு வரிசையின் கோடியில் அவளைப் பார்த்தான். டயர் கிடங்குவரை கேட்கும் அந்தக் குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது. உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது.

"ஏன்?"

"கண்ண நேரா வை, மைக்கு" என்றாள் அவள். "பரேட் இன்னும் முடியல."